நாற்பதின்மரை எதிர்கொண்ட மாமல்லர் காமா

தமிழர்க்கு மற்போர் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைச் சாத்தந்தையார் என்னும் புலவர் புறநானூற்றில் பாடியுள்ளார். பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டு, கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்கும் அப்பெயரை விட்டுச் சென்றான். நம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களில் இன்றும் திருவிழாக் காலங்களில் சிலம்பம் சுற்றும் பெரியோர் உளர். உடல் வன்மையைப் போற்றுவது நம் மண்ணின் பழைய வழக்கமேயாகும்.

ஒருவரோடு ஒருவர் பொருது வெல்வது ஒரு திறம். ஒருவர் பின் ஒருவராகப் பலர் வந்துகொண்டேயிருக்க, அத்தனை பேரையும் ஒரே ஆள் இடைவிடாமல் எதிர்கொண்டு நிற்பது வேறொரு திறம். முன்னதற்கு வலிமை போதும்; பின்னதற்கு வலிமையோடு பொறையும் வேண்டும். இவ்விரண்டாம் திறத்தினால் உலகப் புகழ் எய்திய இந்தியர் ஒருவர் இருந்தார். குலாம் முகம்மது பக்ஷ் என்பது அவர்தம் இயற்பெயர். காமா பயில்வான் என்றே உலகம் அவரை அறியும். நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இவ்வேளையில், நம் இளைஞர்க்கு அவர் வரலாறு பெரிதும் பயன்படும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

காமா 1878ஆம் ஆண்டில், காசுமீரத்திலிருந்து பஞ்சாபுக்குக் குடிபெயர்ந்த முசுலீம் மல்லர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையாரும் ஒரு மல்லரே. ஆயினும் தந்தையின் கைப்பிடித்துக் கோதாவில் இறங்கும் பேறு சிறுவனுக்கு நெடுநாள் கிட்டவில்லை. அவர் மிக இளையவராய் இருந்தபோதே தந்தையார் மறைந்தார். அதன்பின் தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் மாமனும் சிறுவனை வளர்த்துத் தம் குலத்தொழிலைக் கற்பித்தனர். தகப்பனற்ற பிள்ளை என்று கைவிடாமல் சுற்றத்தார் தாங்கிக்கொண்டதனாலேயே பின்னாளில் ஒரு மாமல்லர் உருவாயினார் என்பதனை நாம் முதற்கண் உள்ளத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அவருக்குப் பத்து வயது அளவில் ஜோத்பூர் அரசர் ஓர் உடற்பயிற்சிப் போட்டி நடத்தினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர் அதிற் கலந்துகொண்டனர் என்பர். உட்கார்ந்து எழும் பஸ்கிப் பயிற்சியை யார் இறுதிவரை செய்துகொண்டிருப்பார் என்பதே போட்டி. நேரம் செல்லச் செல்லப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் சோர்ந்து விலகினர். இறுதியில் எஞ்சி நின்ற பதினைவருள் இச்சிறுவனும் ஒருவன். அரசர் வியந்து, அவனையே வென்றவனாக அறிவித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னர்த் ததியா சமத்தானத்து அரசர் அவரைத் தம் ஆதரவில் வைத்துப் பயிற்றுவித்தார்.

இந்நிகழ்ச்சியில் ஒன்று கருதத்தக்கது. அன்று அச்சிறுவன் யாரையும் தூக்கி எறியவில்லை. எவரையும் மண்ணில் சாய்க்கவுமில்லை. மற்றவர் நிறுத்திய பின்னரும் நிறுத்தாமல் இருந்தான். அவன் பெற்ற முதல் வெற்றி அத்துணையே.

நாற்பதின்மரோடு நாள்தோறும்

வளர்ந்த காமா நாள்தோறும் செய்த பயிற்சியினைக் கேட்போர் மலைப்பர். தண்டால் மூவாயிரம், பஸ்கி ஐயாயிரம் எனக் கணக்குச் சொல்வோர் உளர். எண்ணிக்கையில் ஏற்றிச் சொல்லல் இருப்பினும் இருக்கலாம். அப்பயிற்சியின் கடுமை உண்மையேயாகும். அவற்றினும் முதன்மையானது, கோதாவில் அவர் நாள்தோறும் நாற்பது மல்லரோடு ஒருவர் பின் ஒருவராகப் பொருதியதாகும்.

கோதா என்பது மண்ணைக் கொத்திக் கிளறி, எண்ணெயும் மோரும் போன்றவற்றைக் கலந்து மெதுமெதுப்பாக ஆக்கிய களம். அதில் காமா நிற்பார். முதலாமவர் வந்து பிடிப்பார், விலகுவார். இரண்டாமவர் வருவார். வருபவர் ஒவ்வொருவரும் களைப்பின்றிப் புதிதாக வருவர். நிற்பவர்க்கோ ஒவ்வொரு பிடியும் முந்தைய பிடிகளின் களைப்போடு சேர்ந்தே வரும். ஒருவர் கனத்த உடலினர், ஒருவர் விரைந்த கையினர், ஒருவர் காலைப் பின்னுவதில் வல்லவர், ஒருவர் கழுத்தை அழுத்துவதில் வல்லவர். பத்தாம் ஆளோடு தோள்வலிமை குறையும். இருபதாம் ஆளோடு மூச்சு வாங்கும். முப்பதாம் ஆளுக்கு முன்னர், வீணாகச் செலவிடும் அசைவு ஒன்றுகூடத் தம்மிடம் இருத்தலாகாது என்பதனை உடம்பே கற்றுக்கொள்ளும். நாற்பதாம் ஆள் வரும்போது மிஞ்சி நிற்பது நுட்பமும் மன உறுதியுமே.

இந்நாற்பதின்மரும் காமாவின் பகைவர் அல்லர் என்பதனை நம் இளைஞர் நன்கு உணர்தல் வேண்டும். அவர்கள் அவருடைய தோழர். ஒரே களத்தின் மண்ணைப் பூசியவர். பொருது முடித்தபின் ஒருவர் முதுகில் மற்றவர் மண்ணைத் தேய்த்து வியர்வை போக்குவது மல்லர் வழக்கம். எதிரே நின்று பிடித்தவரே ஆசிரியரும் ஆவார். நாற்பது தோழர் நாள்தோறும் தம்மை எதிர்த்திராவிடின் காமா என்னும் மல்லர் உருவாகியிருக்க மாட்டார்.

இத்தகைய பயிற்சி வேறு நாட்டிலும் உண்டு. சப்பான் நாட்டில் கியோகுஷின் என்னும் கராத்தே முறையினை நிறுவிய மாஸ் ஒயாமா, நூறு பேரை ஒருவர் பின் ஒருவராக எதிர்கொள்ளும் தேர்வு ஒன்றினை வகுத்தார். ஒவ்வொரு போரும் ஏறத்தாழ இரண்டு நிமிடம். கைகால்களால் வாங்கும் அடியோடு நூறாவது ஆள்வரை நிற்றல் வேண்டும். 1965இல் ஸ்டீவ் ஆர்னீல் என்பார் அத்தேர்வினை நிறைவேற்றினார். அதன்பின் இத்தனை ஆண்டுகளில் அதனை முடித்தோர் மிகச் சிலரேயாவர். 1994இல் மறைந்த ஒயாமா, கொரிய நாட்டில் பிறந்து, கொரியரைத் தாழ்வாக நோக்கிய சப்பானியச் சமுதாயத்தினிடையே வாழ்ந்து உயர்ந்தவர் என்பதும் நாம் அறியத்தக்கது. அவர் வகுத்த நூற்றுவர் தேர்வு வாழ்நாளில் சிலமுறையே முயலத்தக்கது. காமாவின் நாற்பதின்மர் பயிற்சியோ நாள்தோறும் விடியற்காலையில் நடந்தது.

அளவுகோலால் தடுக்கப்பட்டவர்

காமாவின் உயரம் ஏறத்தாழ 5 அடி 7 அங்குலம். அவர் காலத்தில் இந்தியாவின் முதன்மை மல்லராக விளங்கிய ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா ஏறக்குறைய ஏழடி உயரமுடையவர். இளைஞரான காமா அவரை எதிர்த்து நின்றபோது பார்த்தோர் நகைத்திருப்பர். ஆயினும் அப்போர் எவர்க்கும் வெற்றியின்றி முடிந்தது. இளையவரை முதியவரால் சாய்க்க இயலவில்லை என்பதே காமாவின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று.

1910இல், வங்காளத்துச் செல்வர் சரத்குமார் மித்திரர் என்பாரின் உதவியோடு, காமாவும் அவர்தம் தம்பி இமாம் பக்ஷும் இலண்டன் சென்றனர். நம் நாடு ஆங்கிலேயரிடம் அடிமைப்பட்டிருந்த காலம் அது. அங்கே நடைபெறவிருந்த உலக மற்போர்ப் போட்டியில், உயரம் போதாது என்று காரணங்காட்டிக் காமாவைச் சேர்க்க மறுத்தனர் என்பர். அவர் எவ்வளவு நேரம் நின்று பொருதுவார் என்பதனை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. வாயிலிலேயே அளவுகோலை வைத்துத் திருப்பிவிட்டனர்.

காமா ஊர் திரும்பவில்லை. எந்த எடையினராயினும் மூன்று மல்லரை முப்பது நிமிடத்திற்குள் வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார். வெறும் பேச்சு என்று பலரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. இறுதியில் அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். 1910 ஆகசுட்டு 8ஆம் நாள் நடந்த போரில் காமா அவரை முதன்முறை ஒரு நிமிடம் நாற்பது நொடியிலும், மறுமுறை ஒன்பது நிமிடம் பத்து நொடியிலும் மண்ணில் சாய்த்தார். தம்பி இமாம் பக்ஷும் சுவிட்சர்லாந்து நாட்டு மல்லர் ஜான் லெம் என்பாரை வென்றார். அளவுகோல் சொன்னது பிழை என்பது அதன்பின் அனைவர்க்கும் விளங்கிற்று.

முடிவுறாத போரும் பதினேழு ஆண்டும்

1910 செப்டம்பர் 10ஆம் நாள், போலந்து நாட்டு மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவைக் காமா எதிர்கொண்டார். ஸிபிஸ்கோ உலகின் முன்னணி மல்லருள் ஒருவர். உடல் எடையிலும் மிக்கவர். போர் தொடங்கிய சிறிது நேரத்திற்குள் ஸிபிஸ்கோ தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். எழுந்து பொருதினால் தோல்வி உறுதி எனக் கண்டு, புரட்ட இயலாதவாறு தற்காத்துக்கொள்வதனையே வழியாகக் கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகக் காமா முயன்றும் அவரைப் புரட்டி முதுகு மண்ணில் படச் செய்ய முடியவில்லை. போர் வெற்றி தோல்வியின்றி நிறுத்தப்பட்டது. ஒரு வாரங்கழித்து, செப்டம்பர் 17இல் மறுபோர் என நாள் குறித்தனர். அன்று ஸிபிஸ்கோ வரவில்லை. எனவே 250 பவுன் பரிசும் ஜான் புல் கச்சையும் காமாவுக்கே வழங்கப்பெற்றன.

பரிசு கிட்டியது, ஆயினும் வெற்றி முழுமையடையவில்லை. வராத ஒருவரை வென்றதாகக் கொள்வது மல்லர்க்கு நிறைவு தராது. அன்றைய உலகப் பெருமல்லர்களான பிராங்க் காட்ச், ஹாக்கன்ஷ்மிட் ஆகியோரும் காமாவோடு பொருதியதில்லை. அவர் தாய்நாடு திரும்பினார். அலகாபாத்தில் ரகீம் பக்ஷை மீண்டும் எதிர்கொண்டு, இம்முறை வென்று, ருஸ்தம்-இ-ஹிந்த் எனும் பட்டம் எய்தினார். அதன்பின் தம்மை எதிர்க்க ஆளின்றி ஆண்டுகள் பல கழிந்தன. எதிர்க்க ஆளில்லாத காலத்திலும் விடியற்காலைக் கோதாவை அவர் விடவில்லை. இதுவே அவர் வாழ்வில் நாம் கற்கவேண்டிய அரிய பகுதியாகும்.

1928 சனவரியில், பாட்டியாலா அரசர் பூபிந்தர் சிங் முயற்சியால், ஸிபிஸ்கோ இந்தியாவிற்கு வந்தார். பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. இருவரும் ஐம்பது வயதினை அணுகியிருந்தனர். பாட்டியாலாவில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் போர் தொடங்கியது. இலண்டனில் இரண்டரை மணி நேரத்தில் முடியாதது, பாட்டியாலாவில் ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. ஸிபிஸ்கோ மல்லாந்து கிடந்தார். கண்டோர் கண்டது சில நொடிப் பொழுதே. அந்நொடிகளுக்குப் பின்னே பதினேழாண்டு விடியற்காலைகள் இருந்தன.

நம்மவர் ஒருவர்

ஈண்டு நம்மவர் ஒருவரையும் நினைவு கூர்தல் தகும். காமா இலண்டன் சென்ற மறு ஆண்டில், 1911இல், அதே பாட்டியாலா அரசரைத் தலைவராகக் கொண்டு இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து சென்றது. அவ்வணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் பல்வங்கர் பாலு. அவர் மராட்டிய மாநிலத்துத் தோல்தொழிலாளர் சாதியில் பிறந்தவர். புனா நகரத்து ஆங்கிலேயர் மன்றத்தில் களப்பணியாளராக இருந்தபோது, வெள்ளை அதிகாரிகளின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசி வீசியே அவர் தம் திறத்தை வளர்த்துக்கொண்டார். ஒருவர் மாற்றி ஒருவர் மட்டை பிடித்தனர். பந்து வீசியவர் பாலு ஒருவரே. காமாவின் நாற்பதின்மர் கோதாவுக்கு இது குறைந்ததன்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காமா களத்தில் மட்டுமே பொருதினார். பாலு களத்திற்கு வெளியேயும் பொருத நேர்ந்தது. அவர் வீசிய பந்தைத் தொட்டவர்களே, தேநீர் வேளையில் அவருக்கு வெளியே தனியாக மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். தகுதி அனைத்தும் இருந்தும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு வழங்கப்படவேயில்லை. 1923இல் அவர்தம் தம்பி விட்டல் அப்பதவியைப் பெற்றார். அண்ணன் பட்ட பாட்டின் பயனைத் தம்பி நுகர்ந்தார் எனலாம். நம் மக்களின் வரலாறு பலவிடத்தும் இவ்வாறே அமைந்துள்ளது.

வலிமையின் பயன்

1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாப் மண் குருதியால் நனைந்தது. அக்காலத்தில் காமா லாகூர் நகரில் வாழ்ந்தார். அவர் வசித்த மோனி சாலைப் பகுதியில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களைத் தாக்க வந்த கூட்டத்தின் முன்னே காமாவும் அவர்தம் மல்லரும் நின்று தடுத்துக் காத்தனர் என்றும், பின்னர் அக்குடும்பங்கள் எல்லை கடந்து செல்லும்வரை துணைநின்றனர் என்றும் கூறுவர். அப்போது அவர் எழுபதை நெருங்கிய முதியவர். கூட்டமாய் வந்து எளியோரை ஒடுக்குவதற்குப் பெயர் வலிமையன்று. கூட்டத்தின் எதிரே எளியோர் பொருட்டுத் தனித்து நிற்பதே வலிமை. நள்ளிரவில் தீப்பந்தத்தோடு வந்த கூட்டங்களை நம் முன்னோர் எத்தனை ஊர்களில் கண்டனர்! அப்போது வாயிலில் வந்து நிற்க ஒரு காமா இல்லையே என ஏங்கிய நம்மவர்க்கு இச்செய்தியின் அருமை புரியும்.

காமாவின் முதுமை இனிதாக அமையவில்லை. பிரிவினையின் பின்னர், ஆதரித்த சமத்தானங்களும் இல்லை. அவற்றின் மானியமும் இல்லை. நோயும் வறுமையும் ஒருங்கே வந்தன. எல்லை கடந்து இந்தியாவிலிருந்து தொழிலதிபர் பிர்லா பொருளுதவி செய்தார். 1960 மே 23ஆம் நாள் லாகூரில் காமா மறைந்தார். தம்பி இமாம் பக்ஷின் மக்கள் பாக்கித்தானில் மல்லராக விளங்கி அக்குடும்பத்தின் பெயரை நிலைநிறுத்தினர். கடல் கடந்து, புரூஸ் லீ என்னும் புகழ்பெற்ற தற்காப்புக் கலைஞரும் காமாவின் பயிற்சி முறைகளைப் படித்துத் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.

இளைஞர்க்கு

அன்புடைய இளைஞர்களே, நங்கையர்களே! முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நாம் கண்ட உண்மை ஒன்றினை உங்களுக்குச் சொல்லுதல் கடனாகும். நம் பிள்ளைகள் அறிவிற் குறைந்தவர் அல்லர். முதற்போரில் வெற்றி கிட்டாவிடில் களத்தை விட்டு வெளியேறுகின்றனர், குறை அதுவொன்றே. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறியவன் மறுதேர்வு எழுதாமல் சிமெண்டு ஆலை லாரியில் ஏறிவிடுகின்றான். பல இலட்சம் பேர் எழுதும் தொகுதி நான்கு தேர்வில் ஒருமுறை பெயர் வராதவள், நூல்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு மக்காச்சோளக் கொல்லைக்குக் களையெடுக்கச் சென்றுவிடுகின்றாள். காவலர் தேர்வில் உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்து திரும்பியவன், உலகில் வேறு வாயிலே இல்லையென்று மனமுடைகின்றான். அவர்களெல்லாம் காமாவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயரம் போதாதென்று தடுக்கப்பட்டவர் ஊர் திரும்பாமல் வேறு வாயிலைத் தட்டினார். முடிவுறாத போரின் முடிவுக்காகப் பதினேழாண்டு காத்திருந்தார். காத்திருந்த நாளெல்லாம் பயின்றார்.

அவருடைய பயிற்சி முறையினையே நாம் நம் படிப்பில் கைக்கொள்ளலாம். ஓர் ஊரில் தேர்வுக்குப் படிப்போர் பத்துப் பேர் இருப்பின், மாலைதோறும் ஓரிடத்தில் கூடுக. ஒருவர் நடுவே அமர்க. மற்ற ஒன்பதின்மரும் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் வினாத் தொடுக்க. ஒருவர் கணக்கு, ஒருவர் வரலாறு, ஒருவர் ஆங்கிலம் என அவரவர் வல்லதில் கேட்க. மறுநாள் வேறொருவர் நடுவே அமர்க. ஒன்பதாம் வினாவுக்கு விடை சொல்லும்போதும் மனம் தளராதவர்க்குத் தேர்வுக் கூடத்து மூன்று மணி நேரம் பெரிதன்று. உடன் படிப்போர் உங்கள் இடத்தைப் பறிக்க வந்த பகைவர் அல்லர். உங்களை உருவாக்கும் நாற்பதின்மர் அவர்களே.

கழகத்தின் உறுப்பினர்க்கும் ஒரு சொல். காமாவின் பாலுக்கும் நெய்க்கும் பாதாமுக்கும் அரசர்கள் பொருள் கொடுத்தனர். நம் பிள்ளைகளுக்கு அரசர் எவரும் இலர். கூலி வேலை செய்து வாழும் நம்மவர் மாதந்தோறும் தரும் சிறு சந்தாவே நம் பிள்ளைகளின் சமத்தானம். அரசர் போனபின் காமா வறுமையுற்றார். நம் கழகமோ ஒருவர் கையை நம்பி நிற்பதன்று. பலர் கையால் தாங்கப்படுவது. ஆகவே அது அழியாது. இருபத்தைந்து ஆண்டு என்பது பெரிய காலமே. ஆயினும் கோதாவில் இன்னும் பலர் வரிசையில் காத்து நிற்கின்றனர். அவர்களை எதிர்கொள்ளும் வரை நம் பிள்ளைகள் களத்தில் நிற்க வேண்டும். அவர்கள் நிற்கும் வரை நாம் அவர்தம் முதுகுக்குப் பின்னே நிற்க வேண்டும்.